பதினாறு புள்ளி அகலம்

இந்த ண அடங்கவே மாட்டேன் என்கிறது. மூன்று சுழியையும் போட்டு முடித்து நிமிர்ந்து பார்த்தால் கூட்டத்தில் நசுங்கின ஆள் மாதிரி நிற்கிறது. ஒரு சுழியைக் கொஞ்சம் இளக்கிவிட்டால் கால் வெளியே நீட்டிக்கொள்கிறது, காலை உள்ளே இழுத்தால் வயிறு முட்டுகிறது. பதினாறு புள்ளி அகலம், இருபத்திநாலு புள்ளி உயரம், அதற்குமேல் அரைப் புள்ளி கிடையாது என்று பியூலா டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டது. ர-வுக்கும் பதினாறு, ண-வுக்கும் பதினாறு, ஒற்றைக் குச்சியாக நிற்கிற துணைக்காலுக்கும் அதே பதினாறு. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருந்தால்தான் அந்தப் பெட்டிக்குப் புரியுமாம். நாற்பது வருஷம் கடை போர்டும் பஸ் நெற்றியும் எழுதினவன் நான். போர்டில் எழுத்துகள் பஸ் சீட்டில் உட்கார்ந்த ஜனம் மாதிரி, ஒல்லி ஒதுங்கிக்கொள்ளும், குண்டு கொஞ்சம் பரவிக்கொள்ளும், ட வந்தால் அதன் மடி காலியாகக் கிடக்கும், அடுத்து வருகிறவரை அந்த மடியில் கொஞ்சம் சாய்த்து உட்கார வைத்துவிடலாம். இங்கே அது நடக்காது. இங்கே ஆஸ்பத்திரி வார்டு. வரிசையாகக் கட்டில், எல்லாம் ஒரே அளவு, ஆறடி ஆளுக்கும் அதே கட்டில், ஒரு கைப்பிடி இருக்கிற என் பெண்டாட்டி கண்ணாத்தாளுக்கும் அதே கட்டில், நடுவில் அவள் கிடந்தபோது இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தது. வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகாதே, ண-வைப் பார். மணி பத்தரை. டீச்சர் பதினோரு மணிக்கு வரும். இந்தக் கட்டம் போட்ட தாள்களை எடுத்துக்கொண்டு போய் எழுத்துகளைப் பெட்டிக்குள் ஏற்றிவிடும். ஏற்றினால் ஏற்றினதுதான், அப்புறம் மாற்ற முடியாது, கல்லில் வெட்டின மாதிரி.

உள்ளே குக்கர் மூச்சு விடுகிறது. இரண்டாவது விசில் வருவதற்கு முன்னால் அது ஒரு தடவை தொண்டையைச் செருமும், எனக்குத் தெரியும், எனக்குக் காது நல்ல காது, படிப்புதான் அஞ்சாங் கிளாஸோடு நின்றுபோயிற்று. குக்கர் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருக்கிறது, அதுதான் கண்ணாத்தாளின் மூச்சு. கழுத்துத் துளையில் கட்டியிருக்கிற துணிக்குப் பின்னாலிருந்து ஸ்ஸ் என்று வருகிறது, சைக்கிள் டியூபில் சின்ன முள் குத்தினால் வருகிற சத்தம். நாலு மாசம் ஆகிறது. குரல்வளையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாயிற்று. வீட்டு டம்ளரைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் சாப்பாடு, இரண்டு தட்டினால் இங்கே வா, மூன்று தட்டினால் யாரோ வந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சு இப்போது. அதற்காகத்தான் பியூலா டீச்சரின் பெட்டி. இஞ்சினியரிங் காலேஜில் பாடம் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை, வார்டுக்கு வந்து குரல் போனவர்களையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு பெட்டி செய்திருக்கிறது, பழைய டைப்ரைட்டர் மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் காலுக்கும் கொம்புக்கும் தனிப் பொத்தான், மேலே ஒரு சின்னக் கண்ணாடி. பொத்தானை அமுக்கினால் கண்ணாடியில் எழுத்து வரும், எதிராளி படித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் எழுத்தை அந்தச் சின்னக் கண்ணாடிக்குச் சுருக்கினால் துவைத்த பனியன் மாதிரி ஆகிவிடுகிறது, நீங்கள் போர்டு எழுதுகிற ஆளாமே, எழுதிக் கொடுங்கள் ஐயா, என்று கேட்டது. மொத்தம் நாற்பது பெட்டி. முதல் பெட்டி உங்கள் வீட்டம்மாவுக்குத்தான், ஆனால் அவர்களே அடித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றது. இன்றைக்குத்தான் அடித்துக் காட்ட வேண்டும். பதினோரு மணிக்கு. என் கண்ணாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது.

சொல்லிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது, அதுவும் போன ஞாயிற்றுக்கிழமை. சுழிக்கு நாலு புள்ளி, அதில் கோட்டுக்கு இரண்டு போனால் உள்ளே வெளிச்சத்துக்கு இரண்டு. அந்த இரண்டு புள்ளி வெளிச்சம் இல்லையென்றால் சுழி அடைத்துப்போகும், தூரத்திலிருந்து பார்த்தால் கரியாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கிறது கண்ணாத்தாளின் வேலை. கல்யாணமான புதுசிலிருந்தே அப்படித்தான். நான் ஏணியில் நின்று எழுதுவேன், மத்தியானம் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வருவாள், வாளியைக் கடை வாசலில் வைத்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள். லாரி போகும், பஸ் போகும், நடுவில் நடுவில் அவள் தலை தெரியும். கையை உயர்த்திக் காட்டுவாள், உள்ளங்கையை நிமிர்த்தினால் சரி, சாய்த்தால் சாய்கிறது. அப்புறம் கத்துவாள், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வருகிற குரல். “ஏங்க, மூணாவது ஆளு தூங்கி விழுறான் பாருங்க. அந்தக் கடைசி ஆளு என்ன வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறான், மாசமா இருக்கானா?” கடைக்காரர்கள் சிரிப்பார்கள். “வீரணே, பெயின்டு அடிக்கிறது நீ, கூலி வாங்க வேண்டியது உன் பொண்டாட்டிதான்” என்பார்கள். நானும் சிரிப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, அவள் எழுத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளா? ந என்றோ ம என்றோ? ஆளு, ஆளு, ஆளு. அவளுடைய வாய்த்துடுக்கு என்றல்லவா நினைத்தேன். இந்தக் காதை வைத்துக்கொண்டு என்ன கேட்டேன் நான்.

ரப்பரால் அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது. வேறு தாள் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில்தான், எல்லா எழுத்தையும் கட்டம் கட்டமாக வெட்டித் தரையில் பரப்பிவிட்டு, வா, உட்கார், பெட்டி வந்தால் இப்படித்தான், எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஏதாவது சொல்லு பார்க்கலாம் என்றேன். எனக்குள்ளே ஒரு துடிப்பு, நாலு மாசத்துக்கு அப்புறம் என்ன சொல்லப்போகிறாள் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். உப்பில்லாமல் சாப்பிட்டீர்களே, சொல்லக் கூடாதா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். துணிக்குப் பின்னால் ஸ்ஸ், ஸ்ஸ். அப்புறம் ஐ-யை எடுத்து நடுவில் வைத்தாள். இந்தப் பக்கம் ஒரு ழ, அந்தப் பக்கம் ஒரு ழ. அதற்கு இந்தப் பக்கம் ஞ, அந்தப் பக்கம் ஞ. மார்கழியில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் இழுக்கிறவள் கை, கட்டத்துக்குக் கட்டம் ஒரு நூல் பிசகவில்லை. நான் இன்னும் முடியவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த எழுத்து வரும், வந்தால் வார்த்தையாகிவிடும் என்று. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். போர்டு முடிந்ததும் ஏணியிலிருந்து இறங்கி நான் அவளைப் பார்ப்பேனே, எப்படி இருக்கிறது சொல்லு என்கிற மாதிரி, அந்தப் பார்வை. எனக்குக் காதுக்குள் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. நல்லாருக்கு என்றேன். வேறு என்ன சொல்வது. நல்லாருக்கு கண்ணாத்தா.

ராத்திரியே கரூருக்குப் போன் போட்டேன், மகள் பாக்கியத்துக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. “என்னப்பா இப்பக் கேக்குறீங்க?” என்றாள். சும்மாதான் என்றேன். “உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். கல்யாணப் பத்திரிகை வந்தா என்னையத்தானே வாசிக்கச் சொல்லும். கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன்னு சொல்லும், கண்ணாடி தலையில இருக்கும்.” அப்புறம் அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை, சரிப்பா வைக்கிறேன் என்றாள். தலையில் கண்ணாடி இருந்ததை நானும்தான் பார்த்திருக்கிறேன். பெண் பார்க்கப் போனபோது மூணாவது வரைக்கும் படித்திருக்கிறது என்றார்கள், என்னைவிட இரண்டு வகுப்புதானே கம்மி என்று எனக்கு ஒரு திருப்தி. ஒரு தடவை பாத்திரக் கடை போர்டில் ஓர் எழுத்தையே விட்டுவிட்டேன், இவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையை நிமிர்த்திக் காட்டினாள், ஜோர் என்றாள், மறுநாள் கடைக்காரர் வந்து குதித்தார். நீயும்தானே பார்த்தாய் என்று வீட்டில் வந்து சத்தம் போட்டேன். “நின்னவங்க எல்லாம் நேராத்தான் நின்னாங்க. வராதவனப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்” என்றாள். அவள் சொன்னதும் கோபம் போய்விட்டது, விழுந்து விழுந்து சிரித்தேன். தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள், இதைவிட எப்படி ஒரு மனுஷி சொல்ல முடியும்.

கையெழுத்து மட்டும் போடுவாள். மகளிர் குழுவில் சேர்ந்தபோது கைநாட்டு வைக்கக் கூடாது என்றார்கள், என் பேரை அழகா எழுதிக் குடுங்க, அதே மாதிரி போட்டுக்கிறேன் என்று கேட்டாள். போர்டு எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன், ஏறுகிற கோடு மெல்லிசு, இறங்குகிற கோடு தடிமன். அதையே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள். கண்ணாத்தாள். இரண்டு ண. பேங்கில் இருக்கிற பொம்பளை, அம்மா கையெழுத்துக் கடை போர்டு மாதிரி இருக்கே என்று எல்லாருக்கும் காட்டியது. ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் பண்ணின டாக்டர் பார்த்துவிட்டு, நல்ல கையெழுத்து என்றார். இதோ வந்துவிட்டேன், எங்கே போகாதே என்றேனோ அங்கேயே வந்துவிட்டேன். மூன்றாவது சுழியைக் கீழே ஒரு புள்ளி குறைத்துப் பார்க்கலாம், அப்போது கால் உள்ளே வரும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார். கட்டியை மட்டும் எடுக்க முடியாது, குரல்வளையோடு எடுக்க வேண்டும், குரல் திரும்ப வராது, வீட்டம்மாகிட்ட நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க, நீங்க சொன்னாத்தான் தைரியமா இருக்கும் என்று. ஒரு தாளைக் கொடுத்தார். இரண்டு பக்கம், தமிழில்தான் இருந்தது, குரலை இழப்பீர்கள் என்று ஒரு வரி, நான் படித்தேன். வார்டுக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம் ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தாள், குரல் அப்போதே கரகரத்துப்போய், ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. தாளை அவள் கையில் கொடுத்தேன். இதில் எல்லாம் போட்டிருக்கு, பார்த்துக் கையெழுத்துப் போடு, நான் டீ வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். “என்னங்க போட்டிருக்கு?” என்று கேட்டாள். கேட்டாள். கட்டியைப் பற்றித்தான், படி என்று சொல்லிவிட்டுப் படி இறங்கி ஓடினேன். தாள் சொல்லிக்கொள்ளட்டும் என்று. திரும்பி வந்தபோது தலைமாட்டில் தாள் இருந்தது, மெல்லிசும் தடிமனுமாக அழகாகக் கையெழுத்து. டீயை வாங்கிக் குடித்தாள். அழவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு தைரியம் என்று நினைத்தேன். பாக்கியத்திடம் சொன்னேன், சம்பந்தியிடம் சொன்னேன், உங்க அம்மா மாதிரி நெஞ்சழுத்தம் யாருக்கு வரும் என்று நாலு மாசமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஸ்டிரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது தலையைத் திருப்பி, “ஏங்க, வீட்ட நல்லாப் பூட்டுனீங்களா, இழுத்துப் பாத்தீங்களா?” என்றாள். அதுதான் நான் கடைசியாகக் கேட்டது. இனிமேல் பேச முடியாது என்று தெரிந்த ஒருத்தி, கடைசிப் பேச்சாகப் பூட்டைப் பற்றியா கேட்பாள்?

முழித்ததும் கழுத்துக்குக் கை போனது. வாயைத் திறந்தாள். மறுபடி திறந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் நர்ஸைக் கூப்பிட்டேன்.

குக்கர் நின்றுவிட்டது. இப்போது கடுகு. நான் சொல்லிக் கொடுக்கலாம், ஏன் கூடாது, அ-விலிருந்து ஆரம்பித்துத் தினம் இரண்டு எழுத்து, அவள் கெட்டிக்காரி, உருவமெல்லாம் ஏற்கெனவே கண்ணில் இருக்கிறது, சத்தத்தை மட்டும் ஒட்ட வேண்டும். ஆறு மாசம் போதும். ஆனால் சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தால் உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும், முப்பத்தெட்டு வருஷம் அவள் மூடி வைத்ததை நான் திறந்து பார்த்தது ஆகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. பழகிவிட்டாள் என்றால், பொத்தான் பொத்தானாக அமுக்கிக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள் என்றால், முதலில் எதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை. இவ்வளவுதான் கேட்பாள். அதற்கு வேண்டிய எழுத்தெல்லாம் நான்தான் வரைந்து வைத்திருக்கிறேன், ஏ-வின் வாலுக்கே இரண்டு நாள் ஆயிற்று. டீச்சரிடம் சொல்லிவிட்டால் பெட்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும், இவளுக்குக் கரண்டியும் டம்ளரும். சொல்லாவிட்டால் பதினோரு மணிக்கு இவள் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஐ-யும் ழ-வுமாக அமுக்குவாள், படித்த பிள்ளை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடம் இல்லை. பதினாறு புள்ளி. மூன்றாவது சுழியில் கீழ்ப் புள்ளியைக் குறைத்தேன். கால் உள்ளே வந்தது. அடங்கிவிட்டது ஒருவழியாக. எல்லாவற்றையும் முடித்த மாதிரி ஒரு நிமிஷம் பென்சிலைக் கீழே வைத்தேன், அதற்குள் கீழே ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டர் நிற்கும்போது இருமிவிட்டுத்தான் நிற்கும். சமையல்கட்டிலிருந்து மூன்று தட்டு.

பியூலா டீச்சர் வேர்த்துப்போய்ப் படியேறி வந்தது, துணிப்பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தது, நேற்று வரைக்கும் கொடுத்திருந்த எழுத்துகளைச் சோதனைக்குத்தான் ஏற்றியிருக்கிறேன், இன்றைக்குள் மாற்றிக்கொள்ளலாம், ண மட்டும்தான் பாக்கி என்றது. என் தாளைப் பார்த்து அங்கேயே ஏதோ தட்டி அதையும் ஏற்றியது. “அம்மா, வாங்க. சாம்பார் வாசனை ரோடு வரைக்கும் வருது.” கண்ணாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சொல்லிவிடலாம், டீச்சரம்மா ஒரு நிமிஷம் என்று வெளியே கூப்பிடலாம் என்று எழுந்தேன், அப்படியே நின்றேன். “எதாவது அடிங்கம்மா. பயப்படாதீங்க, தப்பு வந்தா அழிச்சுக்கலாம்.” பொத்தான் சத்தம் டொக் என்று வந்தது. விட்டு விட்டு. டொக். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒரு பொத்தானுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவள் மூச்சு நாலைந்து தடவை வந்து போனது. “சூப்பர்ம்மா” என்றது டீச்சர். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் கண்ணாத்தாள். நான் எழுதிக் கொடுத்த பேர், மெல்லிசு தடிமன் இல்லாமல், கட்டிலில் படுத்த மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. “போதும் ஐயா, முதல் பெட்டி அம்மாவுக்குத்தான், நான் எழுதிக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பிள்ளை தாள்களை அடுக்கியது. அப்புறம் சிரித்துக்கொண்டு, “நாலு மாசம் ஆச்சே, ஐயாகிட்ட எதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லிடுங்கம்மா. நல்லாத் திட்டிக்கூட விடுங்க. நான் வேணா திரும்பிக்கிறேன்” என்றது.

கண்ணாத்தாளின் விரல் பொத்தான்களுக்கு மேலே நின்றது. எங்கேயும் இறங்கவில்லை. இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, கோலத்தில் விட்டுப்போன புள்ளியைத் தேடுகிற மாதிரி. எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாகக் கீழே உட்கார்ந்தது. நிம்மதி. ஆமாம், நிம்மதிதான், இவளால் கேட்க முடியாது என்று. அது என்ன என்று தெரிந்ததும் எனக்கு என் மேலேயே நாற்றம் அடித்தது. அவள் விரலை எடுத்துவிட்டாள். பக்கத்தில் டம்ளர் இருந்தது. இரண்டு தட்டு. போனேன். கண்ணாடியில் ண-வின் மேல் விரலை வைத்தாள். அப்புறம் கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

“என்னங்கய்யா சொல்றாங்க?”

“சாயுதுன்னு சொல்றா.”

டீச்சர் குனிந்து பார்த்தது. “எனக்குத் தெரியலையே ஐயா. நேராத்தானே இருக்கு.” நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். கீழே நான் குறைத்த அந்த ஒரு புள்ளி. எழுத்து மொத்தமும் அந்தப் பக்கம் லேசாகச் சரிந்து நின்றது, நிற்க முடியாமல் சுவரைத் தேடுகிற ஆள் மாதிரி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும், எங்கே நின்று பார்த்தாளோ.

“அவ்வளவுதானா ஐயா? வேற ஒண்ணும் சொல்லலையா அம்மா?”

“அவ்வளவுதான்” என்றேன்.

தாளை வாங்கி, சுழிக்குள் வெளிச்சத்திலிருந்து ஒரு புள்ளியை எடுத்துக் காலுக்குக் கொடுத்தேன். டீச்சர் ஏற்றியது. கண்ணாடியில் இரண்டு ண-வும் சேர்ந்தாற்போல நிமிர்ந்துகொண்டன. பாரு, சரியாயிருச்சு என்றேன். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. கை இன்னும் இறங்கவில்லை, உள்ளங்கை சாய்ந்தபடியே இருந்தது, என் முகத்துக்கு நேராக.